கடைசி ஐம்பது அடி

தைபே
மார்ச் 9

அன்புத் தங்கை ஷின்தாங்குக்கு,

அண்ணன் யூஹெங் எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம். அம்மாவுக்கு முதுகுவலி வந்து போனது. அதற்காக லாண்டரிக் கடையை ஒரு நாள்கூட மூடவில்லை. அந்த மலைக்குளிரில் நீ எப்படி இருக்கிறாய்? மடத்தில் வயிறாரச் சாப்பாடு போடுகிறார்களா? காலை நாலு மணிக்கு எழுப்புகிறார்கள் என்று புத்தாண்டுக்கு எழுதியிருந்தாய். பள்ளிக்கூட நாளில் உன்னை ஏழு மணிக்கு எழுப்பவே அம்மா ஈரத்துணியை முகத்தில் போடுவாள். அங்கே எதைப் போடுகிறார்கள்?

விஷயத்துக்கு வருகிறேன். கிராஃபிக்ஸ் கார்டு செய்யும் கம்பெனியின் சோதனைக் கூடத்தில் ஏழு வருஷம் இருந்தவள் நீ. இப்போது பிக்குணி ஆகப்போகிறேன் என்று போனையும் மடத்தில் ஒப்படைத்துவிட்டாய். இரண்டு வருஷத்துக்குக் கடிதம் மட்டும்தான் என்றால் கடிதத்திலேயே கேட்டுவிடுகிறேன்.

வீட்டுக் கம்ப்யூட்டரில் விமான சிமுலேட்டர் போட்டிருக்கிறேன். நாங்கள் ஓட்டும் அதே இரட்டை விசிறி விமானம், அதே தீவுகள், அதே ஓடுபாதைகள். அசல் போலவே இருக்கிறது. மேலே பறக்கும்போது வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு போகிறது. நான்கான் தீவில் இறங்க வரும்போது மட்டும், கடைசி ஐம்பது அடியில், படம் திக்கித் திக்கி நிற்கிறது. சரியாகச் சக்கரம் தொடவேண்டிய நேரத்தில்! கார்டு ஆறு வருஷப் பழசு. புதுசு வாங்கலாமென்று முடிவு செய்துவிட்டேன். எது என்று மட்டும் நீ சொல். பன்னிரண்டாயிரம் தைவான் டாலருக்குள் இருக்கவேண்டும்.

வேலையெல்லாம் வழக்கம்போல. உடனே பதில் போடு.

உன் அண்ணன்,
யூஹெங்

---

நான்டோ மலை
மார்ச் 18

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் சுகம். முழங்கால் மட்டும் ஈரத்தில் கொஞ்சம் முனகுகிறது. தினமும் நூற்றெட்டு முறை விழுந்து வணங்கினால் எந்த முழங்கால்தான் முனகாது? சாப்பாடு வயிறாரக் கிடைக்கிறது. மூங்கில் குருத்துப் பருவம் தொடங்கிவிட்டதால் குருத்துக் குழம்பு, குருத்துப் பொரியல், குருத்து ஊறுகாய். அம்மாவின் முதுகுக்கு இந்த உறையில் ஒரு மூலிகைப் பட்டை வைத்திருக்கிறேன். என் பெயரைச் சொன்னால் ஒட்டிக்கொள்ள மாட்டாள், கடையில் வாங்கியதென்று சொல்.

உன் கடிதத்துக்குப் பதில் எழுத மடத்துத் தலைவியிடம் அனுமதி கேட்டேன். “கார்டா? அது என்ன பண்ணும்?” என்றார். கம்ப்யூட்டருக்குள் இருக்கும் மலையையும் கடலையும் கண்ணுக்கு நன்றாகக் காட்டும் என்றேன். “இல்லாததத் தெளிவாக் காட்டறதுக்கா இவ்வளவு காசு?” என்று கேட்டுவிட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு, “எழுது, எழுது. அண்ணன் பாவம்” என்றார்.

வாங்குவதென்று நீ முடிவு செய்துவிட்டாயாம், எது என்று நான் சொல்லவேண்டுமாம். வைத்தியரிடம் போய், “அறுவை சிகிச்சை முடிவாயிடுச்சு, எந்த உறுப்புன்னு மட்டும் சொல்லுங்க” என்று கேட்பாயா? முதலில் நோயைப் பார்ப்போம்.

திரையின் ரெசல்யூஷனைப் பாதியாகக் குறைத்து இருபது தடவை இறங்கு. பிறகு அதைப் பழையபடி வைத்துவிட்டு, தரைப் படங்களின் தரத்தை மட்டும் ‘நடுத்தரம்’ ஆக்கி இருபது தடவை இறங்கு. எதில் திக்கல் போகிறது என்று எழுது. ஒரே சமயத்தில் இரண்டையும் மாற்றாதே. உன்னைத் தெரியும், மாற்றுவாய். அப்புறம் பெட்டியைத் திறந்து, கார்டு உட்காரும் இடத்தின் நீளத்தை அம்மாவின் அளவுநாடாவால் அள. பவர் சப்ளையின் மேல் ஒட்டியிருக்கும் தாளில் எத்தனை வாட் என்று பார்.

ஒரு சந்தேகம். நாளெல்லாம் வாத்து வறுப்பவன் வீட்டுக்கு வந்தும் வாத்து வறுப்பானா? அதுவும், விமானி கையில் பன்னிரண்டாயிரம்தானா?

அம்மாவின் பக்கத்தில் இருப்பவனுக்கு,
தூரத்திலிருக்கும் ஷின்தாங்

---

தைபே
மார்ச் 30

அன்புத் தங்கைக்கு,

இருவரும் நலம். பட்டையை அம்மா ஒட்டிக்கொண்டாள். “எந்தக் கடை?” என்றாள். ஏதோ ஒரு கடை என்றேன். “மூங்கில் வாசனை அடிக்குது” என்றாள்.  ஆனால் பட்டையைப் பிய்த்துப் போடவில்லை.

உன் சோதனைகள் முடிந்தன. இருபது சொன்னாய், ஒவ்வொன்றிலும் முப்பது செய்தேன். ரெசல்யூஷனைப் பாதியாக்கினால் மேலே இன்னும் வேகமாகிறது, ஆனால் கடைசி ஐம்பது அடியில் திக்கல் அப்படியே இருக்கிறது. தரைப் படங்களை நடுத்தரமாக்கினால் திக்கல் சுத்தமாகப் போய்விடுகிறது. ஆனால் ஓடுபாதை ஆறிப்போன கஞ்சி மாதிரி தெரிகிறது. கஞ்சியில் எப்படி இறங்குவது?

பெட்டிக்குள் இருபத்தேழரை சென்டிமீட்டர் இடம். பவர் சப்ளை ஐந்நூற்றைம்பது வாட். இணையத்தில் எல்லாரும் ஒரே குரலாக, போன மாதம் வந்த புதுக் கார்டை வாங்கு என்கிறார்கள். பத்தாயிரத்துத் தொள்ளாயிரம். மெமரி எட்டு ஜிபி. என் பழையதைவிட இரண்டு மடங்கு வேகமாம். மூன்று விசிறி, பார்க்கவே கம்பீரம். எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது. நீ ஆமாம் என்று சொன்னால் இந்த ஞாயிறே போய் வாங்கிவிடுவேன். கொஞ்சம் அவசரம்.

தலைவி அம்மையாருக்கு என் வணக்கம். அண்ணன் பாவமில்லை என்று சொல்.

யூஹெங்

---

நான்டோ மலை
ஏப்ரல் 8

அன்புள்ள அண்ணாவுக்கு,

கல்லறை சுத்தம் செய்யும் நாளில் அப்பாவுக்கு நீங்கள் இருவரும் ஊதுவத்தி ஏற்றியிருப்பீர்கள். இங்கிருந்து நானும் ஒன்று ஏற்றினேன். மழை விடாமல் பெய்கிறது; எல்லோருக்கும் இருமல், எனக்கு இல்லை.

அந்தக் கம்பீரத்தை வாங்காதே.

உன் கார்டை ஒரு சமையற்காரன் என்று வைத்துக்கொள். கார்டின் சொந்த மெமரி அவன் எதிரே இருக்கும் மேஜை. உயரத்தில் பறக்கும்போது கடலும் மேகமும்தான், நாலு தட்டு, மேஜை போதும். தரைக்கு வரும்போது புல், கல், ஓடுபாதைக் கோடு, விமான நிலையக் கட்டடம், நிறுத்தியிருக்கும் வண்டி எல்லாம் ஒரே சமயத்தில் வந்து குவிகின்றன. உன் மேஜை ஆறு ஜிபி. இடமில்லாமல் அவன் ஒவ்வொரு தட்டுக்கும் பின்கட்டுக்கு ஓடி ஓடி எடுத்து வருகிறான். அந்த ஓட்டம்தான் உன் திக்கல். சின்னத் தட்டுகளாகக் கொடுத்தபோது அது போய்விட்டதே, அப்போதே தெரிந்துவிட்டது. புதுக் கார்டில் சமையற்காரன் இன்னும் சுறுசுறுப்பு, ஆனால் மேஜை ரெண்டு முழம்தான் கூட. உன் சிமுலேட்டருக்கு எட்டு இன்றைக்குப் போதும்போல இருக்கும், அடுத்த புதுப்பிப்பு வந்ததும் போதாது. தவிர, மூன்று விசிறிக் கார்டுகள் முப்பது சென்டிமீட்டர். உன் பெட்டியில் அதை நுழைக்க ரம்பம் வேண்டும்.

போன தலைமுறையின் பன்னிரண்டு ஜிபி கார்டு, இரண்டு விசிறி, இருபத்துநாலு சென்டிமீட்டர், பழைய சரக்காக குவாங்ஹுவா சந்தையில் கிடைக்கும். ஏழாயிரத்தைந்நூறுக்குமேல் கொடுக்காதே. கம்ப்யூட்டரில் பிட்காயின் நாணயம் தோண்டும் கூட்டம் இரவுபகலாக ஓட்டித் தேய்த்த கார்டுகளும் அங்கேதான் விற்கும். எனவே விசிறியை விரலால் மெல்ல அசைத்துப் பார், ஆடினால் வைத்துவிடு. திருகுத் தலைகள் தேய்ந்திருந்தால் யாரோ திறந்து மூடியிருக்கிறார்கள். மூக்கருகே வைத்து முகர். வறுத்த வாசனை வந்தால் நடையைக் கட்டு. கடையிலேயே இருபது நிமிஷம் முழு மூச்சில் ஓடவிடச் சொல். மாட்டேன் என்பவனிடம் வாங்காதே.

மாட்டிய பிறகு ஒரு வேலை. சிமுலேட்டரில் பதிவு வசதி இருக்கிறது. ஒவ்வொரு வினாடிக்கும் உயரம், ஓடுபாதையின் நடுக்கோட்டிலிருந்து விலகல், ஒவ்வொரு படத்தையும் வரைய எடுத்த நேரம், இந்த மூன்றையும் கோடாக அச்செடுத்து அனுப்பு. தேவையில்லைதான். ஆனாலும் பார்க்க ஆசையாக இருக்கிறது. தலைவியிடம் இந்த வரியைக் காட்டவில்லை.

ஷின்தாங்

---

தைபே
ஏப்ரல் 22

அன்புத் தங்கைக்கு,

நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே ஒரு குறையுமில்லை. வெற்றி!

முதல் கடைக்காரனிடம் இருபது நிமிஷம் ஓட்டிக் காட்டு என்றேன். “வாங்கறதுன்னா வாங்கு, இல்லாட்டி வழிய விடு” என்றான். வழியை விட்டேன். இரண்டாவது கடையில் ஒரு கிழவர், பெயர் குவோ. கார்டை எடுத்து வைத்ததும் முதல் வார்த்தை, “தம்பி, இது ஒரு பொண்ணு வச்சிருந்தது. சாயங்காலம் ஒரு மணி நேரம்தான் விளையாடும்.” பக்கத்துக் கடையிலும் ஒரு பெண்தான் வைத்திருந்தாள், எதிர்க்கடையிலும் ஒரு பெண்தான். தைபேயின் அத்தனை பழைய கார்டுகளையும் பெண்களே வைத்திருந்திருக்கிறார்கள்.

விசிறியை அசைத்தேன். திருகைப் பார்த்தேன். முகர்ந்தேன். கிழவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கேட்டார்:

“யாரு உனக்கு இதெல்லாம் சொல்லிக்குடுத்தது?”

“என் தங்கச்சி.”

“எந்தக் கம்பெனில இருக்கா?”

“கம்பெனி இல்ல. பிக்குணி மடத்துல.”

அவர் கார்டைக் கடைக் கம்ப்யூட்டரில் மாட்டி ஓடவிட்டார். இருபது நிமிஷம் முடியும்வரை எனக்கு ஸ்டூல் போட்டு டீ கொடுத்தார். சூடு ஏறவில்லை, சத்தமும் இல்லை. ஏழாயிரத்து நானூறு சொன்னதை, தானே ஏழாயிரத்து இருநூறாக்கினார். “உன் தங்கச்சிகிட்ட சொல்லு, உண்மையிலேயே ஒரு பொண்ணுதான் வச்சிருந்தது. எம் பேத்தி.”

மாட்டினேன். தரைப் படங்கள் உச்சத் தரத்தில். கடைசி ஐம்பது அடியில் ஒரு துளித் திக்கல் இல்லை. நீ கேட்ட வரைபடங்கள் இத்துடன் இருக்கின்றன. ஒன்பது நாளில் அறுபத்துமூன்று இறக்கங்கள், எல்லாம் நான்கான், எல்லாம் குறுக்குக் காற்றில்.

ஓடுபாதை இப்போது ரொம்பத் தெளிவாகத் தெரிகிறது. நான் எங்கே தொடுகிறேன் என்பதும்.

யூஹெங்

---

தைபே
மே 15

ஷின்தாங்,

உடம்புக்கு ஒன்றுமில்லையே? வரைபடங்கள் கிடைத்தனவா? மூன்று வாரமாயிற்று. மடத்தின் அலுவலகத்துக்குப் போன் செய்தேன். சுகமாக இருக்கிறாய், மூங்கில் தோட்டத்தில் இருக்கிறாய் என்றார்கள். சுகமாக இருப்பவளுக்கு நாலு வரி எழுத என்ன கேடு? அம்மா கேட்கிறாள். அதாவது, தபால்பெட்டியைத் திறந்து பார்க்கிறாள். என்னிடம் ஒன்றும் கேட்பதில்லை.

யூஹெங்

---

நான்டோ மலை
ஜூன் 2

அன்புள்ள அண்ணாவுக்கு,

மன்னித்துக்கொள். கால் கை எல்லாம் நன்றாகவே இருக்கின்றன. உனக்கு நாலு கடிதம் எழுதி நாலையும் கிழித்துவிட்டேன். இது ஐந்தாவது, கிழிப்பதற்குள் தபாலில் போட்டுவிடுவேன்.

முதலில் கார்டு. படம் வரைந்த நேரக் கோடு நூல் பிடித்ததுபோல் இருக்கிறது. அறுபத்துமூன்றிலும் ஒரு முள் கிடையாது. குவோ பெரியவரின் பேத்தி கார்டை நன்றாக வைத்திருந்திருக்கிறாள். இனி கார்டைக் குறை சொல்ல ஒருவராலும் முடியாது.

ஆனால் அதே தாளில் வேறு இரண்டு கோடுகள் இருக்கின்றன. எனக்கு விமானம் தெரியாது. கோடு படிக்கத் தெரியும். ஏழு வருஷம் அதற்குத்தான் சம்பளம் வாங்கினேன்.

ஒவ்வொரு தாளின் மூலையிலும் தேதியும் நேரமும் அச்சாகியிருக்கின்றன. செவ்வாய் காலை பத்து. செவ்வாய் மதியம் இரண்டு. புதன் பதினொன்று. அதைப் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை.

நான் கேட்பது இதைத்தான். பதினெட்டாவது இறக்கத்தில், நாற்பது அடி உயரத்தில், காற்று உன்னை நடுக்கோட்டிலிருந்து பதினோரு மீட்டர் தள்ளிவிட்டது. இருபத்தாறாவதில் பதின்மூன்று மீட்டர். நாற்பத்தொன்றாவதில் ஓடுபாதையின் விளிம்பு. ஆனாலும் உயரக் கோடு எல்லாத் தாளிலும் ஒரே மாதிரி கீழே போய்ப் பூஜ்யத்தைத் தொடுகிறது. அறுபத்துமூன்றில் ஒரு தாளிலாவது அது திரும்பி மேலே ஏறுமென்று தேடினேன். இரண்டு முறை தேடினேன்.

இறங்க வந்துவிட்டு, சரியில்லை என்று மறுபடி மேலே ஏறிப் போவது உங்கள் தொழிலில் உண்டா? உண்டென்றால் நீ ஏன் ஒரு தடவைகூட ஏறவில்லை? எங்கள் கூடத்தில், ஒரு கார்டைக்கூடத் ‘தேறவில்லை’ என்று எழுதாத சோதனையாளர் கையெழுத்தை யாரும் நம்ப மாட்டார்கள்.

கோபம் வந்தால் கோபமாகவே எழுது. எழுதாமல் இராதே. அம்மாவைப் பார்த்துக்கொள்.

ஷின்தாங்

---

தைபே
ஜூன் 9

ஷின்தாங்,

கோபம் வந்தது. இரண்டு நாள் இருந்தது. உன் கடிதத்தை மடித்துக் கம்ப்யூட்டர் பெட்டிக்கு அடியில் முட்டுக்கொடுத்தேன். மூன்றாம் நாள் எடுத்து மறுபடி படித்தேன்.

பிப்ரவரியில், விமானிகளுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை வைக்கும் தேர்வு வந்தது. பயிற்சிக் கூடத்தின் பெரிய சிமுலேட்டரில், நான்கான், குறுக்குக் காற்று. நாற்பது அடியில் காற்று தூக்கியடித்தது. நான் இறக்கினேன். வலது சக்கரம் ஓடுபாதை விளிம்பு விளக்கின்மேல் ஏறியது. தேர்வாளர் திரையை நிறுத்திவிட்டுக் கேட்டார்:

“ஏன் மேல போகல?”

“இறக்கிடலாம்னு நெனச்சேன் சார்.”

“பின்னாடி எழுபது பேர் இருக்காங்க. அவங்களும் அப்படித்தான் நெனச்சாங்களா?”

தேறவில்லை. அன்றிலிருந்து பறக்கவில்லை. அடிப்படைச் சம்பளம் மட்டும் வருகிறது. பன்னிரண்டாயிரம் ஏன் என்று கேட்டாயே, அதனால்தான். மறுதேர்வு ஜூன் 27. அதிலும் போனால் வேலை போனதுதான். கையில்தான் குறை, பழகினால் சரியாகும் என்று நினைத்தேன். பிறகு கார்டில் குறை என்று நினைத்தேன். கார்டு சரியானதும் எனக்கு எவ்வளவு பயமாக இருந்தது தெரியுமா? குறை சொல்ல வேறு எதுவும் மிச்சமில்லை. கடைசி ஐம்பது அடிவரை வந்துவிட்டு ஏறிப்போவது என்றால் என் மனசுக்கு அது தோற்றது மாதிரி. பத்து வருஷமாகப் பறக்கிறேன், நிஜத்தில் இரண்டே தடவை ஏறியிருக்கிறேன். இரண்டும் கேப்டன் சொல்லி.

உன்னிடம் சொல்லியிருக்கலாம். நீ வேலையை விட்டபோது, ஓடிப்போகிறாள் என்று அம்மாவிடம் சொன்னவன் நான். எந்த முகத்தோடு உனக்கு எழுதுவேன்?

நேற்று அம்மாவிடம் சொன்னேன். கடையில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். லீவு இல்லை, என்னை நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்றேன். இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

“தெரியும்.”

“யாரு சொன்னா?”

“நாலு மாசமா உன் வெள்ளைச் சட்டை ஒண்ணுகூட அழுக்குக் கூடைக்கு வரலடா. லாண்டரிக்காரிகிட்ட மறைக்கிற விஷயமா இது?”

அவ்வளவுதான். ராத்திரி மாட்டிறைச்சி நூடுல்ஸில் எனக்கு ரெண்டு துண்டு அதிகம் போட்டாள்.

யூஹெங்

---

நான்டோ மலை
ஜூன் 14

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் நலம். நீயும் இனி நலம்.

தேர்வுக்குப் பதின்மூன்று நாள் இருக்கிறது, தபால் தின்றதுபோக பத்து மிஞ்சும். இதைச் செய். சிமுலேட்டரில் உட்காரும்போது அம்மாவை உன் பின்னால் உட்காரவை. அவள் துணி அளக்கும் மரக்கோலைக் கையில் கொடு. நீ இறங்கிக்கொண்டிருக்கும்போது அவளுக்குத் தோன்றும் நேரத்தில் மேஜையில் அடிக்கட்டும். அடித்தால் நீ ஏறவேண்டும். நல்ல இறக்கம்தானே என்று வாதாடக் கூடாது, முறைக்கக் கூடாது, ஏன் என்று கேட்கக் கூடாது. எந்த உயரத்தில் அடிப்பாள் என்று உனக்குத் தெரியாமலிருப்பது முக்கியம். அம்மாவுக்கும் தெரியாது, அதனால் அந்தப் பிரச்சினை இல்லை.

ஓடிப்போகிறாள் என்று சொன்னதை அன்றைக்கே அம்மா என்னிடம் சொல்லிவிட்டாள். நான் உன் கார்டைத் தேர்ந்தெடுத்தது அது தெரிந்த பிறகுதான்.

ஷின்தாங்

---

தைபே
ஜூலை 3

அன்புத் தங்கைக்கு,

நாங்கள் இருவரும் சுகத்திலும் சுகம். காரணத்தை வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் நாள் அம்மா ஒவ்வொரு இறக்கத்திலும் அடித்தாள். பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு. இருநூறு அடி வந்தாலே மேஜையில் டமார்.

“இந்தத் தடவை நல்லாத்தானே வந்துச்சும்மா!”

“எனக்குப் பிடிக்கல. மேல போ.”

“என்ன பிடிக்கல?”

“பாறை கிட்டத்துல இருக்கு. கேள்வி கேக்கக் கூடாதுன்னு உன் தங்கச்சி எழுதியிருக்கா. மேல போ!”

ஏறினேன். இரண்டாம் நாள் அவளுக்குக் கொஞ்சம் பழகியது. கீழே, இன்னும் கீழே வந்த பிறகு அடித்தாள். நாலாம் நாள் இருபது அடியில், சக்கரம் தொடப்போகும் நேரத்தில் அடித்தாள், பாவி. கை தானாக எஞ்சின் நெம்புகோலை முன்னே தள்ளியது. எனக்கு அது தோற்றது மாதிரியே இல்லை. தும்மல் வந்தால் தும்முவது மாதிரி இருந்தது. ஏழாம் நாள், முப்பது அடியில் காற்று என்னைத் தள்ளியது. நான் ஏறிவிட்டேன். திரும்பிப் பார்த்தால் அம்மா கோலை மடியில் வைத்துக்கொண்டு பட்டாணி உரித்துக்கொண்டிருக்கிறாள். அடிக்கவே இல்லை.

27ஆம் தேதி அதே தேர்வாளர், அதே தீவு, அதே காற்று. அறுபது அடியில் சரியில்லை. ஏறினேன். இரண்டாம் தடவை நாற்பது அடி. ஏறினேன். “இப்ப என்ன பண்ணப் போறே?” என்றார். எரிபொருளைப் பார்த்தேன். “தைபேக்குத் திரும்பறேன் சார்” என்றேன். காற்றை நிறுத்தி இறங்கவைப்பார் என்று காத்திருந்தேன். அவர் திரையையே அணைத்துவிட்டு எழுந்தார். “போதும், இதுக்காகத்தான் கூப்பிட்டோம்” என்று கையெழுத்துப் போட்டார். ஆகஸ்ட் முதல் வாரம் வேலையில் சேர்கிறேன்.

அம்மா ஏழு வெள்ளைச் சட்டைகளையும் எடுத்து, அழுக்கே இல்லாமல், மறுபடி துவைத்து இஸ்திரி போட்டுவிட்டாள்.

யூஹெங்

---

நான்டோ மலை
ஜூலை 15

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் கடிதத்தைத் தலைவிக்கு வாசித்துக் காட்டினேன். பட்டாணி வந்த இடத்தில் அவர் இரண்டாம் முறை வாசிக்கச் சொன்னார். எல்லோரும் சுகம், வெயிலும் வந்துவிட்டது.

நான் நாலு கடிதம் கிழித்ததற்கு உன் ரகசியம் மட்டும் காரணமில்லை. உன் வரைபடங்கள் வந்த அன்று, மதியத் தூக்கம் விட்டு, அறுபத்துமூன்று தாளையும் தரையில் பரப்பி உட்கார்ந்திருந்தேன். அவ்வளவு சந்தோஷம். மாலையில் அதே அளவு பயம். இதில் இத்தனை ஆசை வைத்திருப்பவளுக்கு இங்கே என்ன வேலை? ஒரு மாதம் இதையே சுமந்துகொண்டு மூங்கில் வெட்டினேன். கடைசியில் தலைவியிடம் போய்ச் சொல்லிவிட்டேன்.

“கோடு படிக்கத் தெரிஞ்ச பிக்குணி வேண்டாம்னு யாரு சொன்னா?” என்றார். “கூரை மேல சூரியத் தகடு போட்டு மூணு வருஷம் ஆச்சு. பாதிதான் வேலை செய்யுதுன்னு எனக்குச் சந்தேகம். நாளைலேருந்து நீ பாரு.”

பார்த்தேன். மூன்றில் ஒரு பங்குதான் வேலை செய்கிறது. இரண்டு இணைப்புகளை எலி கடித்திருக்கிறது.

ஆகஸ்ட் 18, காலை ஒன்பது மணிக்கு எனக்குத் தலை மழிக்கிறார்கள். பெற்றோர் சம்மதக் கையெழுத்து வேண்டும். படிவத்தை அம்மாவுக்கு நேராக அனுப்பியிருக்கிறேன். நீ சிபாரிசு செய்யவேண்டாம். அவள் போடாவிட்டால் அடுத்த வருஷம் மறுபடி கேட்பேன்.

ஷின்தாங்

---

தைபே
நவம்பர் 10

மதிப்புக்குரிய பிக்குணி ஜுவேயூ அவர்களுக்கு,

உன் புதுத் துறவுப் பெயரைப் போட்டு இப்படித்தான் எழுதவேண்டும் என்று உன் மடத்துச் சகோதரி சொல்லித் தந்தார். உறையின் மேலும் முதல் வரியிலும் மரியாதையை முடித்துவிட்டேன், இனி ஷின்தாங்.

எப்படி இருக்கிறாய்? மொட்டைத் தலைக்குக் குளிர்கிறதா? கையெழுத்துப் போட்டதோடு, தலை மழித்த அன்றைக்கு மண்டபத்தில் அம்மா அழாமல் உட்கார்ந்திருந்தது பெரிய விஷயம். திரும்பும் பஸ்ஸில் என்னிடம் ஒன்றுதான் சொன்னாள்: “தலை நல்ல உருண்டையா இருக்கு. என் அம்மா சாடை.” இப்போது கம்பளித் தொப்பி பின்னுகிறாள். இந்த மாதக் கடைசியில் வந்து சேரும்.

நான் மூன்று மாதமாகப் பறக்கிறேன். போன வியாழக்கிழமை காலை, நான்கான் விமானம், ஓட்டியது நான். தீவின் மேல் மேகம் தாழ்ந்து கிடந்தது, காற்று நிமிஷத்துக்கு ஒரு திசை. எண்பது அடியில் ஓடுபாதை நன்றாகவே தெரிந்தது. காற்று ஒரு பக்கமாக இழுத்தது. ஏறினேன். கேப்டன், “தொட்டிருக்கலாமோ?” என்றார். “இருக்கலாம் சார்” என்றேன். இன்னொரு முறை போனோம். மறுபடி ஏறினேன். தைபேக்குத் திரும்பினோம்.

பயணிகள் இறங்கும்போது நான் வாசலில் நின்றேன். நாலாவது வரிசையிலிருந்து ஒரு பெண்மணி, அறுபது வயதிருக்கும், மடியில் கேக் பெட்டி. என் எதிரே வந்து நின்றுவிட்டார்.

“தரை தெரிஞ்சுது! ஜன்னல்லேருந்து நான் பாத்தேன். ஆடு மேயறதுகூடத் தெரிஞ்சுது. எதுக்குத் தம்பி மேல தூக்குன?”

“காத்து சரியில்லைம்மா.”

“ஒரு தடவை தூக்குன, சரி. ரெண்டாவது தடவையுமா? என் மச்சினிக்கு இன்னிக்கு மணிவிழா. பன்னெண்டு மணிக்கு விருந்து!”

பின்னால் அறுபது பேர் கேட்டுக்கொண்டு நிற்கிறார்கள். பிப்ரவரியில் இருந்த யூஹெங்காக இருந்தால் காது சிவந்திருக்கும். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

“நாளைக்குக் காலைல முதல் விமானம் நான்தான் ஓட்டறேன். வாங்கம்மா. தீவு அங்கேயேதான் இருக்கும்.”

“தீவு இருக்கும். விருந்து இருக்குமா?” என்று சொல்லிவிட்டு, கேக் பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் அவரே முதல் ஆளாக ஏறினார். அதே நாலாவது வரிசை. வானம் துடைத்துவிட்டதுபோல் இருந்தது. நடுக்கோட்டின்மேல் தொட்டேன், எனக்கே சத்தம் கேட்கவில்லை. இறங்கும்போது மறுபடி என் எதிரே நின்றார்.

“மச்சினி விருந்தை இன்னிக்குத் தள்ளி வச்சுட்டா. நான் இல்லாம எப்படி வெட்டுவாளாம்?”

“நல்லது அம்மா.”

அவர் படியில் ஒரு காலை வைத்துவிட்டுத் திரும்பினார்.

“சாயங்கால விமானத்துல நான் திரும்பறேன். அதையும் நீதான் ஓட்டறியா?”

“ஆமாம்மா.”

என்னை மேலும் கீழும் ஒரு தடவை பார்த்தார்.

“அப்ப சரி” என்று சொல்லி இறங்கிப் போனார்.

உன் அண்ணன்,
யூஹெங்